இடது மணிக்கட்டில் ஆறு நாள்

எங்கள் பக்கத்தில் பால் கறக்கும் குழிக்குள் இறங்குகிறவர்கள் வலது கையில் எதையும் கட்டிக்கொள்வதில்லை. கடிகாரம், மோதிரம், காயத்துக்குச் சுற்றிய துணி எதுவானாலும் கழற்றி, பம்புக்குப் பக்கத்தில் அடித்திருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். இடுப்பளவு சிமெண்டுக் குழி. இரண்டு பக்கமும் மேலே பசுக்கள் பின்பக்கம் காட்டிச் சாய்வாக நிற்கும். வலது கை பின்னங்கால்களுக்கு நடுவே போய் கறவை இயந்திரத்தின் நான்கு கப்புகளையும் காம்பில் மாட்ட வேண்டும். மாடு உதைத்தால் கை காலுக்கும் இரும்புக் கம்பிக்கும் நடுவில் சிக்கும். வெறும் கை என்றால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பட்டை கட்டிய கை வராது. மெர்வ் கில்கூரின் அண்ணன் லெஸ்ஸுக்கு மணிக்கட்டு அப்படித்தான் நொறுங்கியது. அதற்கப்புறம் அவன் கையெழுத்தே போட்டதில்லை.

மெர்வுக்கும் அவன் மனைவி கிளெனிஸுக்கும் நூற்றுத் தொண்ணூறு பசுக்கள். மெல்போர்னிலிருந்து வெகு தூரத்தில், வார்னம்பூல் என்ற ஊருக்குக் கிழக்கே, கடலிலிருந்து அரைமணி நேரத் தொலைவில் அவர்கள் பண்ணை. தெற்குக் காற்று விடாமல் அடித்தால் சமையலறை ஜன்னலில் உப்புப் படியும். சாலைக்கு அந்தப் பக்கம் என் வீடு. ஒன்பது வருஷமாகக் காலையும் மாலையும் மெர்வோடு அந்தக் குழியில் நான் நின்றிருக்கிறேன். கிளெனிஸ் குழிக்குள் வருவதில்லை. இடுப்பெலும்பு தேய்ந்தவள், கன்றுகளோடு சரி.

பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் மெர்வுக்கு வலது கைப் பெருவிரலில்தான் தொடங்கியது. ரொட்டித் துணுக்கை உருட்டுகிறாற்போல் விரல் தானாக உருளும். பால் லாரி ஓட்டும் க்ளிஃபிதான் முதலில் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"மெர்வ், உன் கையில பால் பாட்டிலக் குடுத்தா வெண்ணெயாக்கித் திருப்பிக் குடுப்ப போலிருக்கே!"

"வெண்ணெய்க்குத்தான்டா ரேட்டு ஜாஸ்தி. போய் உன் கம்பெனில சொல்லு."

நடுக்கம் சிரிக்கக்கூடியதாகத்தான் இருந்தது. பின்னால் வந்த இறுக்கம் அப்படி இல்லை. நான்கு வருஷத்தில் வலது பக்கம் முழுக்க ஈரச் சிமெண்டு மாதிரி ஆகிவிட்டது. மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் ஓடும், அப்புறம் பம்பு நின்ற குழாய் போல எல்லாம் அடங்கிவிடும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. பாலும் இறைச்சியும் மாத்திரையின் வேகத்தைக் கெடுக்கும், மாத்திரை நேரத்தில் ஆகாது என்று சொல்லியிருந்தார்கள்.

"பாலக் குடிச்சா மாத்திர வேல செய்யாதாம் நெரிடா," என்றான் என்னிடம் ஒரு நாள். "அறுவத்தெட்டு வருஷமாப் பாலுலயே கெடக்குறேன். இப்பப் போய் அதுதான் எதிரின்னா என்ன பண்றது?"

மெல்போர்ன் டாக்டர் ஃபென்விக் ஓர் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லியிருந்தார். மண்டைக்குள் முடி மாதிரி இரண்டு கம்பி, தோள்பட்டைக்குக் கீழே ஒரு பேட்டரி. சரியாக அமைந்தால் இன்னும் ஏழெட்டு வருஷம் குழியில் நிற்கலாம். ஆனால் எல்லோருக்கும் கிடைக்காது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் மண்டையைத் திறக்கமாட்டார்கள், ரொம்ப முற்றிவிட்டிருந்தாலும் திறக்கமாட்டார்கள். டாக்டர் முன்னால் எல்லா நோயாளியும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறானாம், வீட்டில் எப்படி இருக்கிறான் என்பது அறைக்குள் தெரிவதில்லையாம். அதனால் ஏப்ரல் மாதம் தபாலில் ஒரு கடிகாரம் வந்தது.

அதில் முள் இல்லை, எண் இல்லை. கறுப்பு ரப்பர் பட்டை, நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆறு நாள் கையில் இருக்க வேண்டும். கை எத்தனை மெதுவாக அசைகிறது, எத்தனை துள்ளுகிறது என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தானே குறித்துக்கொள்ளும். மாத்திரை நேரம் வந்தால் வண்டு மாதிரி முனகும். கிளெனிஸ் காகிதத்தைப் படித்துப் பார்த்து அவனுக்கு வலது கையில் கட்டிவிட்டாள்.

மறுநாள் விடியலில் குழிக்குள் அதைப் பார்த்தேன்.

"என்னது அது, வலது கையில?"

"மாட்டுக்குக் காதுல நம்பர் குத்துவோம்ல, எனக்குக் கையில கட்டிட்டாங்க. நானும் மந்தையில சேந்தாச்சு."

"கழட்டி ஆணியில மாட்டு."

"கழட்டக் கூடாதாம். குளிக்கும்போதுகூட."

"லெஸ்ஸ மறந்துட்டியா? மூணாவதா நிக்கிறவளப் பாரு. நேத்து என் தோளுல விட்டா ஒண்ணு, இன்னும் வலிக்குது."

அவன் கையைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான். எனக்குச் சட்டென்று தோன்றியது.

"கழட்டக் கூடாதுன்னுதான சொன்னாங்க? கழட்ட வேணாம். இடது கைக்கு மாத்திக்க. ஒடம்புல இருந்தாப் போதும்ல?"

"கிளெனிஸ ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"கிளெனிஸா வந்து ஒத வாங்கப் போறா?"

அவன் சிரித்தான். அவன் விரல்களுக்குக் கொக்கி பிடிபடாது. நான்தான் அவிழ்த்து இடது கையில் கட்டினேன். இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு விரலை உள்ளே விட்டுக்கூடப் பார்த்தேன்.

ஆறு நாளும் அப்படித்தான். காலையில் குழிக்குள் இறங்கும்போது வலதிலிருந்து இடதுக்கு மாறும், ஏறும்போது இடதிலிருந்து வலதுக்கு. மாலையிலும் அதே போல. மூன்று நாள் தொழுவத்தைக் கழுவும் அவசரத்தில் திருப்பி மாற்ற மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்து ஏப்ரல் குளிரில் முழுக்கைச் சட்டை போட்டிருந்ததால் கிளெனிஸ் கண்ணில் படவில்லை. இடது கை அவனுக்கு நல்ல கை. கப்புக்கொத்தை அடியில் தாங்கிப் பிடிப்பது, குழாயை இழுப்பது, மாட்டின் தொடையைத் தட்டிக்கொடுப்பது எல்லாம் அந்தக் கைதான். வலது கை ஒரு கப்பை மாட்டி முடிப்பதற்குள் இடது கை பத்து வேலை செய்திருக்கும்.

கடிகாரத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை நாள். கிளெனிஸ் கணினியைச் சமையலறை மேசையில் வைத்து அதைச் சுற்றி மூன்று கோப்பை தேநீரும் வைத்தாள். நானும் இருக்க வேண்டும் என்று மெர்வ் சொல்லியிருந்தான். திரையில் டாக்டர் ஃபென்விக் முகம் வந்தது. சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர்.

"நல்ல சேதிதான்," என்றார். "நீங்க பயந்த அளவுக்கு இல்ல. நோய் லேசாத்தான் இருக்கு. மாத்திரைய மட்டும் கொஞ்சம் கூட்டிக்கலாம்."

கிளெனிஸ் திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"டாக்டர், காலையில சட்டைக்குப் பொத்தான் போட இவனுக்கு இருபது நிமிஷம் ஆகுது. படுக்கையில பெரள முடியல, நான்தான் பெரட்டி விடுறேன். இது லேசா?"

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா பாருங்க." திரையில் புள்ளிகளும் கோடுகளும் வந்தன. "காலையில அஞ்சரைலேந்து எட்டு மணி வரைக்கும் கை எவ்வளவு நல்லா அசையுது! சாதாரண ஆளுக்கு அசையுற மாதிரி. சாயங்காலமும் அதே மாதிரி. இவ்வளவு நல்லா இருக்கறப்ப மண்டையத் தொறக்க எங்க குழு ஒத்துக்காது."

"அது பால் கறக்குற நேரம்," என்றான் மெர்வ்.

"அதான் விஷயம்! நல்ல உடற்பயிற்சி அது. விட்டுடாதீங்க. அடுத்த வருஷம் மறுபடி பாக்கலாம்."

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சாதாரண ஆளைப் போல என்றதும் உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டாக்டர் திரையிலிருந்து போன பிறகு கிளெனிஸ் எழுந்து சிங்க்கில் உருளைக்கிழங்கு கழுவ ஆரம்பித்தாள். தோல் சீவிய கிழங்கையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அழுகிறாள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"நல்லாருக்குன்னு சொல்றதுக்கு ஏம்மா அழுவுற?" என்றான் மெர்வ்.

"நல்லா இருந்தா சரி. இருக்கியா நீ?"

"மெஷின் இருக்கேங்குதே. அது என்ன, எங்கிட்டக் காசு வாங்கிட்டா சொல்லுது?" கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான் ஒடம்பு வணங்காம இருக்கேனோ என்னவோ."

அந்த நினைப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் உதவி கேட்பதை விட்டுவிட்டான். பூட்ஸ் மாட்ட முக்கால் மணி ஆனாலும் தானே மாட்டுவான். குழிக்குள் கை நின்றுவிட்டால், "ஏய் சோம்பேறி, அசைடா," என்று கையைப் பார்த்துச் சொல்வான். முதலில் அது விளையாட்டு என்று நினைத்தேன்.

ஜூலையில் கன்று ஈனும் காலம். அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. மாடு கால் வைத்த இடமெல்லாம் முழங்கால் ஆழச் சேறு. ஒரு மதியம் புதுசாகப் பிறந்த கன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகப் போனான். வேலிக் கதவுக்கு முன்னால் கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் முன்னால் போய் முகம் குப்புற விழுந்திருக்கிறான். இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தான். கிளெனிஸ் ஊன்றுகோலோடு தேடிப் போனபோது கன்று அவன் காதை நக்கிக்கொண்டிருந்ததாம்.

"ஏன் கத்தல நீ?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"கத்துனேன். எனக்கே கேக்கல."

நுரையீரலில் சளி கட்டி மூன்று வாரம் வார்னம்பூல் ஆஸ்பத்திரியில் இருந்தான். திரும்பி வந்தபோது குரல் பாதிதான் இருந்தது. முகமும் நின்றுவிட்டது. சிரிக்கிறானா, கோபமா, தூக்கமா, ஒன்றும் தெரியாது. கண் மட்டும் ஈரமாக ஒரே இடத்தில் நிற்கும். குழிக்கு அவன் மறுபடி வரவில்லை. நான் ஒருத்தியே கறந்தேன். கிளெனிஸ் மெல்போர்னுக்குத் தினம் போன் போட்டாள். கடைசியில் அக்டோபரில் மறுபடி கடிகாரம் அனுப்பினார்கள்.

இந்த முறை இமோஜென் என்ற நர்ஸ் திரையில் வந்து விளக்கினாள். மதியச் சாப்பாட்டு நேரம். உப்பில் ஊறவைத்து வேகவைத்த மாட்டிறைச்சியும் பட்டாணியும் செய்திருந்தாள் கிளெனிஸ். மெர்வுக்கு மட்டும் இறைச்சி இல்லாமல் மசித்த கிழங்கு. நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

"எந்தக் கை ரொம்ப மோசமோ அந்தக் கையிலதான் கட்டணும்," என்றாள் இமோஜென். "கடைசி நாள் வரைக்கும் அதே கை. நடுவுல மாத்திடாதீங்க. நல்ல கையில கொஞ்ச நேரம் கெடந்தாக்கூடக் கணக்கு பூராத் தப்பாயிடும்."

"அதெல்லாம் தெரியும்மா," என்றாள் கிளெனிஸ். "போன தடவையும் வலது கையிலதான் கட்டுனேன்."

என் முள்கரண்டி தட்டில் விழுந்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. மெர்வ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்ததா? அவன் நினைக்கிறதை அந்த முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தடவை சரியான கணக்கு வந்துவிடும், ஆபரேஷன் நடந்துவிடும், அவன் குழிக்குள் நிற்கும்போது சொன்னால் மூன்று பேருமாகச் சிரிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு நாளும் தினம் இரண்டு தடவை ஏதாவது சாக்கில் போய், அவன் வலது கைச் சட்டையை விலக்கி, கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"என்ன நீ, ஆஸ்பத்திரிக்காரி மாதிரி சும்மாச் சும்மா வந்து பாக்குற?" என்றாள் கிளெனிஸ். "ஓடிப் போயிடுமா அது?"

இந்தத் தடவை மெல்போர்னிலிருந்து நேரில் வரச் சொன்னார்கள். முந்தின நாள் மாலையோடு மாத்திரையை நிறுத்த வேண்டும். மூன்றரை மணி நேரப் பயணம், வண்டியை நான்தான் ஓட்டினேன். மெர்வை முன் இருக்கையில் வைத்தோம். உட்காரவைத்தோம் என்று சொல்ல முடியாது. வழியெல்லாம் எச்சில் வழிந்தது. கிளெனிஸ் பின்னாலிருந்து கை நீட்டித் துடைத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஃபென்விக் ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். பூஜ்யம் என்றால் குறையில்லை, நான்கு என்றால் முடியவே முடியாது.

"பெருவிரலும் ஆள்காட்டி விரலும். பெருசாத் தொறந்து வேகமாத் தட்டுங்க மெர்வ்."

விரல் மூன்று தடவை தட்டியது. நான்காவது தடவை பாதி திறந்து அப்படியே நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் எழுதினார்.

"கை கட்டிக்கிட்டு நாற்காலிலேந்து எழுந்திருங்க."

மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் திரும்ப விழுந்தான். டாக்டர் எழுதினார். பிறகு தூக்கி நிறுத்தி, பின்னால் நின்று தோளைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். சமாளிக்க ஒரு கால்கூடப் பின்னால் போகவில்லை. வேலிக்கம்பு சாய்கிற மாதிரி அவர் கையில் சாய்ந்தான்.

"அறுபத்தொண்ணு," என்றார் டாக்டர் எல்லா எண்ணையும் கூட்டி. பிறகு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. மறுபடி விரல், மறுபடி நாற்காலி, மறுபடி இழுப்பு.

"அம்பத்தி நாலு."

"கொறஞ்சிருக்கே?" என்றாள் கிளெனிஸ். "கொறஞ்சா நல்லதுதான?"

டாக்டர் பேனாவை மூடினார். "பத்தாதும்மா. மாத்திர எதச் சரி பண்ணுதோ அதத்தான் அந்தக் கம்பியும் சரி பண்ணும். மூணுல ஒரு பங்காவது கொறையணும். இப்ப இவருக்கு நடையும் நிதானமும் மாத்திரைக்கு அடங்குற எடத்தத் தாண்டிப் போயிடுச்சு. இந்த நெலமைல ஆபரேஷன் பண்ணா இன்னும் மோசமாத்தான் ஆவார்."

"ஏப்ரல்ல லேசுன்னீங்க."

"ஆமா." அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு. ஏழு மாசத்துல இவ்வளவு எறங்கி நான் பாத்ததில்ல. நிமோனியா ஒரு காரணமா இருக்கலாம். அந்த ஏப்ரல் தாள் கொஞ்சம் மோசமா வந்திருந்தாக்கூட அப்பவே கூப்பிட்டிருப்போம். அப்ப மாத்திர நல்லாப் பிடிச்சிட்டிருந்துச்சு. அதுதான் சரியான நேரம்."

அறைக்குள் நான்கு பேர் இருந்தோம். அந்த நான்கு பேரில் எனக்காவது காரணம் தெரியும். வாயைத் திறந்தேன். கிளெனிஸ் எழுந்து மெர்வின் கோட்டுக்குப் பொத்தான் போட ஆரம்பித்தாள், நான் மூடிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கோலாக் என்ற ஊரைத் தாண்டியபோது கிளெனிஸ் பின்னாலிருந்து, "ரொட்டி இருக்கு, யாருக்காவது வேணுமா?" என்றாள். அவளே கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாருக்கான்னு சொன்னப்ப அழுதேன். இப்ப அழுக வரல பாரு," என்றாள்.

மாடுகளை டிசம்பரில் விற்றார்கள். வடக்கிலிருந்து ஒருவர் மொத்த மந்தையையும் எடுத்துக்கொண்டார். வெயிலும் காற்றும் சேர்ந்து அடித்த நாள். நான்கு லாரி வந்தது. மெர்வ் பட்டிக் கதவருகே நிற்க வேண்டும் என்றான். கொண்டுபோய் நிறுத்தினோம். பசுக்கள் அவனைத் தாண்டித்தான் சரிவுப் பலகையில் ஏறின. சிலது நின்று அவன் சட்டையை முகர்ந்துவிட்டுப் போயின. கடைசி லாரியும் கிளம்பியது. தரகரிடம் கையெழுத்துப் போடக் கிளெனிஸ் வீட்டுக்குள் போயிருந்தாள்.

"வா, உள்ள போவோம்," என்றேன்.

அவன் நகரவில்லை. கால் ஒட்டிக்கொண்டிருந்தது. உதட்டில் ஈ உட்கார்ந்தது, அதை விரட்டவும் கை எழவில்லை. நான் விரட்டினேன். கால் இப்படி நின்றுவிட்டால் முன்னால் எதையாவது போடுங்கள், தாண்டுவதற்கு ஒன்று இருந்தால் கால் தானாக எழும் என்று இமோஜென் கிளெனிஸிடம் சொல்லியிருந்தாள். பக்கத்தில் ஒரு கம்புகூட இல்லை. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு என் பூட்ஸ் காலை அவன் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன்.

அவன் கீழே பார்த்தான். கால் எழுந்தது. என் காலைத் தாண்டி அந்தப் பக்கம் ஊன்றியது. நான் காலை எடுத்து மறுபடி முன்னால் வைத்தேன். அவன் தாண்டினான். பட்டியிலிருந்து வீடு வரை ஐம்பது அறுபது தப்படி இருக்கும். அத்தனையும் அப்படித்தான் போக வேண்டும். தரையில் மாட்டுக் குளம்புத் தடங்கள் காய்ந்து கல்லாகிக் கிடந்தன.

பாதி வழியில் நான் நின்றுவிட்டேன்.

"மெர்வ், ஏப்ரல்ல அந்த வாட்ச இடது கைக்கு மாத்துனது நான்தான். தெனம். அது நல்ல கை. அதத்தான் மெஷின் பாத்துச்சு. நான்தான் கட்டிவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவன் என்னைப் பார்த்தான். நானும் அந்த முகத்தை ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன், நெற்றி, புருவம், வாய்க்கோணம். ஒன்றுகூட அசையவில்லை. வெறுக்கிறானா, மன்னிக்கிறானா, அக்டோபரிலேயே தெரிந்துகொண்டு எனக்காக வாயை மூடியிருந்தானா, இல்லை நான் சொன்னதே புரியவில்லையா? உதடு மட்டும் லேசாகப் பிரிந்தது. காற்றில் கேட்கவில்லை. காதை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"காலு," என்றான். "கால வையி."